சாம்பல் முதல் பாஸ்கா இரவு வரை: தவக்காலக் கேள்வி–பதில்

ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலம் கத்தோலிக்கர்களுக்குத் தவக்காலம்; சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபையாருக்கு லெந்து நாட்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வருசா வருசம் கறி நிறுத்தறோம், வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போறோம், பெரிய வெள்ளி அன்னைக்கு அழுதுட்டு வந்துடறோம். ஆண்டவரோட பாடுகளை நினைச்சுத் துக்கப்படறதுதான் தவக்காலமா? இன்னொண்ணு, 40 நாள்னு சொல்றாங்க, காலண்டரில் எண்ணிப் பார்த்தால் 46 வருதுங்களே?
– வாசகி, ஒண்டிப்புதூர்

பதில்: கணக்கை முதலில் முடித்துவிடுவோம். திருநீற்றுப் புதன் தொடங்கி பெரிய சனி வரை 46 நாட்கள். அதில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் ஆதிமுதலே அன்று நோன்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுத்தால் திருச்சபைச் சட்டம் எதுவும் மீறப்படவில்லை. நீங்களாக ஏழு நாளும் நிறுத்துவதாகத் தீர்மானித்திருந்தால் அது உங்கள் நேர்ச்சை. அதை வைத்து அடுத்த வீட்டின் தாளிப்பு வாசனையை அளக்க வேண்டாம்.

40 என்ற எண்ணுக்கு விவிலியத்தில் மூன்று தூண்கள் உண்டு: மோசே சீனாய் மலையில் இருந்த 40 நாட்கள் (விடுதலைப் பயணம் 34:28), எலியா ஓரேபுக்கு நடந்த 40 நாட்கள் (1 அரசர் 19:8), இயேசு பாலைநிலத்தில் இருந்த 40 நாட்கள் (மத்தேயு 4). 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் 5ஆம் விதி இந்த ‘நாற்பது’ காலத்தை எல்லாரும் அறிந்த ஒன்றாகவே குறிப்பிடுகிறது.

துக்கம் பற்றிய கேள்விதான் பெரியது. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற விரும்பியவர்கள் நீண்ட காலம் மறைக்கல்வி கேட்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பாஸ்கா இரவில் தண்ணீரில் இறங்கினார்கள். அதற்கு முந்தைய வாரங்கள் அவர்களுக்குக் கடைசி ஆயத்தம். அவர்களோடு சேர்ந்து சபை முழுவதும் நோன்பிருந்தது. பெரும் பாவத்தில் விழுந்து சபையைவிட்டு விலகி நின்றவர்களும் அந்தக் காலத்தில்தான் திரும்பி வர ஆயத்தமானார்கள். இப்போதும் கத்தோலிக்க வாசகங்களின் மூன்றாண்டுச் சுற்றில் முதல் ஆண்டின் தவக்கால 3, 4, 5ஆம் ஞாயிறுகளுக்குரிய நற்செய்திகளைப் பாருங்கள்: கிணற்றடியில் சமாரியப் பெண் (யோவான் 4), பிறவிக் குருடர் பார்வை பெறுதல் (யோவான் 9), இலாசர் (யோவான் 11). தண்ணீர், ஒளி, உயிர். மூன்றும் ஞானஸ்நானத்தின் பாடங்கள். பாடுகளின் வாசகம் முதன்முதலில் முழுதாக வருவதே உயிர்ப்புக்கு முந்தைய குருத்து ஞாயிறன்றுதான்.

ஆக, இந்த 40 நாளும் போய்ச் சேரும் இடம் பாஸ்கா இரவு. அன்று குருவானவர் சபையாரைப் பார்த்து, பாவத்தை விட்டுவிடுகிறீர்களா, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்பார். நாம் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வோம். பெரிய வெள்ளியோடு தவக்காலத்தை முடித்துக்கொள்வது காட்டை நன்றாக உழுதுபோட்டு, விதைக்காமல் வீடு திரும்புவது போல. செய்ய வேண்டியது இதுதான்: திருநீற்றுப் புதன் அன்றே அந்த வாக்குறுதிகளை ஜெபப் புத்தகத்தில் எடுத்து ஒருமுறை வாசியுங்கள். எந்தக் கேள்விக்கு ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்ல வாய் தயங்குகிறதோ, அதைச் சுற்றியே உங்கள் நோன்பு அமையட்டும். பங்காளியோடு பேசாதிருப்பவர் கறியை நிறுத்துவதைவிட அந்த வீட்டுப் படியேறுவதுதான் பொருத்தமான நோன்பு.

கேள்வி: எங்கள் பங்குக் கோவிலில் கோவில்பிள்ளை (கோவில் பணியாளர்) வேலை பார்க்கிறேன். போன வருசம் திருநீறு பூசிக்கொண்ட சிலருக்கு நெற்றியில் எரிச்சல், ஒருவருக்குத் தோல் சிவந்து கொப்புளமே வந்துவிட்டது. ஓலை எல்லாம் மந்திரித்த குருத்தோலைதான். எங்கே தவறு?
– வாசகர், அன்னூர் வட்டாரம்

பதில்: தவறு ஓலையில் இல்லை, தண்ணீரில். முழுக்க எரிந்து வெளுத்த சாம்பலில் காரச்சத்து அதிகம். அதில் தண்ணீர் சேர்த்துக் குழைத்தால் பழைய காலத்தில் துணி வெளுக்கப் பயன்படுத்திய சாம்பல் காரம்போலாகிவிடும். அதை நெற்றியில் வைத்துக் காயவிட்டால் தோல் வெந்துபோகும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இன்னும் சீக்கிரம்.

சரியான முறை இது. திருநீற்றுப் புதனுக்கு இரண்டு வாரம் முன்பே வீடுகளில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் போன வருடத்துக் குருத்தோலைகளைக் கொண்டுவரச் சொல்லி அறிவியுங்கள். பிளாஸ்டிக் பூ, நூல், குண்டூசி எல்லாவற்றையும் பிரித்தெடுங்கள். நம் பக்கம் தென்னங்குருத்துதான் என்பதால் ஈர்க்கைக் கிழித்துவிட்டு ஓலையை மட்டும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் சீராக எரியும். 500 பேர் வரும் பங்குக்கு நன்றாகக் காய்ந்த ஓலை அரைக் கிலோ தாராளம்.

அகலமான இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரியுங்கள். எல்லாம் தீப்பிடித்துச் சுருண்டு கறுத்ததும் இரும்புத் தட்டால் மூடிவிட வேண்டும். காற்று கிடைக்காமல் அணைந்தால் கரிபோலக் கறுப்பாக நிற்கும். மூடாமல் விட்டால் வெளுத்த சாம்பலாகிவிடும். அதுதான் எரிச்சல் தருவது. தவிர, வெளுத்த சாம்பல் நெற்றியில் தெரியவும் தெரியாது. முழுதும் ஆறிய பிறகே, அதாவது மறுநாள், அம்மியில் அல்லது உரலில் பொடித்து மெல்லிய மல் துணியில் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். மீந்தால் அடுத்த ஆண்டுக்கும் கெடாது.

பூசும் நாளன்று நான்கைந்து மேசைக்கரண்டிப் பொடியைக் கிண்ணத்தில் எடுத்து, சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசறுங்கள். விரலில் ஒட்ட வேண்டும், வழியக் கூடாது. குருவானவர் தீர்த்தம் தெளிக்கும்போது நாலு துளி விழுவதால் கெடுதல் இல்லை. கூழாகும் அளவுக்குத் தெளிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் நாள் இரவு உங்கள் முன்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி அரைமணி நேரம் பாருங்கள். எரிச்சல் வந்தவர்கள் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். கொப்புளமானால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: தவக்கால வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிடலாமா? ஊரே முட்டை ஊர். மீன்? கறித்துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்வது?
– வாசகர், நாமக்கல்

பதில்: முட்டை, பால், தயிர், நெய் எதற்கும் தடையில்லை. சுத்தபோசனம் என்பது ஆடு, மாடு, கோழி போன்றவற்றின் இறைச்சியை விலக்குவது. மீன் அதில் சேராது. இடைக்காலத்தில் முட்டைக்கும் தடை இருந்தது. 40 நாளும் சேர்ந்துபோன முட்டைகளை உயிர்ப்பு விழாவில் கொண்டாடிச் சாப்பிட்ட வழக்கம்தான் ஐரோப்பாவில் ஈஸ்டர் முட்டையாக நிற்கிறது. 1966இல் திருத்தந்தை 6ஆம் பவுல் தந்த ஒழுங்கில் முட்டையும் பால் பொருட்களும் விலக்கு அல்ல என்று வெளிப்படையாகவே உள்ளது. விலங்குக் கொழுப்பில் தாளித்ததற்கும் அதில் தடையில்லை.

குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்வது சட்டத்தின் ஓட்டையில் விரல் விட்டுப் பார்ப்பது. பாவமா என்று கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு நாள்கூடக் கறி ருசி இல்லாமல் இருக்க முடியவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. மீனும் அப்படித்தான். மேட்டூர் அணையின் ஜிலேபி மீன் ஒரு துண்டு, சரி. வெள்ளிக்கிழமைக்கென்றே ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் வரவழைத்தால், கோழியே மலிவாக முடிந்திருக்கும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. எனக்கு 34 வயது. ஒருசந்தி எப்படி இருப்பது? மாலை ஆனால் தலைவலி பிளக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: கத்தோலிக்கச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே இரண்டு: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறைந்தவர் வரை. சுத்தபோசனம் அந்த இரண்டு நாளோடு தவக்கால வெள்ளிகளிலும். 14 வயது நிறைந்த எல்லாருக்கும், மேல் வயது வரம்பு இல்லை.

ஒருசந்தி என்றால் பட்டினி அல்ல. ஒரு வேளை வயிறார உண்ணலாம். மற்ற இரு வேளையும் கொஞ்சமாக, இரண்டையும் சேர்த்தாலும் அந்த முழுச்சாப்பாட்டு அளவு வரக்கூடாது. எந்த வேளை முழுச்சாப்பாடு என்பது உங்கள் இஷ்டம். தண்ணீருக்கு அளவே இல்லை. காலையில் ஒரு பெரிய டம்ளர் கம்மங்கூழ் மோர் விட்டு. மதியம் சோறு, கொள்ளுப் பருப்பு, கீரை கடைசல் என்று முழுச்சாப்பாடு. இரவு இரண்டு இட்லி அல்லது ஒரு கை சந்தவை. கம்பும் கொள்ளும் மெதுவாகச் செரிப்பதால் மாலை வரை தாங்கும். வெள்ளைச் சோற்றை மட்டும் சாப்பிட்டால் மூன்று மணிக்கே கை நடுங்கும்.

பெரும்பாலும் கெடுவது எப்படி என்றால், காலையும் மதியமும் ஒன்றும் சாப்பிடாமல் வீறாப்பாக இருந்துவிட்டு, இரவு பரோட்டாக் கடையில் இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆள் முடிப்பது. வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

தலைவலிக்குக் காரணம் பசியைவிடத் தேநீராக இருக்கக்கூடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு டீ குடிப்பவர் அன்று ஒரேயடியாக நிறுத்தினால் 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். ஒரு வாரம் முன்பிருந்தே நாளுக்கு ஒன்றாகக் குறைத்து வாருங்கள். அல்லது அன்றும் ஒரு டீ குடியுங்கள், அதனால் ஒருசந்தி முறியாது. அயர்ன் மேசை, பாய்லர், சாயப்பட்டறை என்று அனலில் நின்று உழைப்பவர்கள் ஒருசந்தியால் வேலையைச் செய்ய முடியாது என்றால் அவர்களுக்குக் கடமை இல்லை. ஐயம் இருந்தால் பங்குக் குருவைக் கேளுங்கள். அதை வேறொரு நற்செயலாக மாற்றித்தர அவருக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: அத்தைக்கு 62 வயது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். 40 நாளும் காலைச் சாப்பாட்டை விடுவேன் என்று பிடிவாதம். போன வருசம் ஜெபத்தில் மயங்கி விழுந்தார்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: முதலில் அவரிடம் சொல்லுங்கள்: 59 வயதோடு அவருடைய ஒருசந்திக் கடமை முடிந்துவிட்டது. நோயாளி என்பதால் எந்த வயதிலும் கடமை இல்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எல்லாருக்கும் இதே விலக்குத்தான்.

மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்று இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, சாப்பிடாமல் மருந்தை மட்டும் எடுப்பது ஆபத்து. மருந்து சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், உள்ளே ஏற்ற ஒன்றும் இருக்காது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் என்று வரும். அளந்தால் 70க்குக் கீழே இருக்கும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். மாத்திரையை அவராக நிறுத்துவதும் தவறு.

அவர் விரும்பினால் வேளை தவறாமல் உண்டு, அதில் ருசியை மட்டும் குறைக்கலாம்: ஊறுகாய் இல்லை, வறுவல் இல்லை, சாயங்காலப் பலகாரம் இல்லை. மிச்சமாகும் காசு உண்டியலுக்கு. கஞ்சி நல்லது என்று மூன்று வேளையும் அரிசிக் கஞ்சியாகக் குடிக்க விடாதீர்கள். குழைந்த கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும்.

கேள்வி: எங்க சொந்தத்தில் பாதிப்பேர் இந்துக்கள். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எல்லாம் தவக்காலத்திலேயே வருது. கறி விருந்துக்குப் போகலைன்னா மாமன் கோவிச்சுக்குவார். என்ன செய்யறதுங்க?
– வாசகர், காங்கேயம்

பதில்: தவிர்க்க முடியாததுதான். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும். அதனால் தவக்காலத்தின் பெரும்பகுதி மாசி, பங்குனியில்தான் விழும். நம் பக்கம் முகூர்த்தங்களும் அம்மன் பண்டிகைகளும் அதே மாதங்களில்தான்.

போகக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. முகூர்த்தச் சாப்பாடு எப்படியும் சைவம். சிக்கல் மறுநாள் கறி விருந்தில். அது வெள்ளிக்கிழமை அல்ல என்றால் திருச்சபை தடுக்கவில்லை. உங்கள் சொந்த நேர்ச்சை இருந்தால் ரசமும் தயிரும் போட்டுச் சாப்பிட்டு எழுந்து வாருங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ‘இன்னைக்கு நாங்க கறி எடுக்கறதில்லைங்க மாமா’ என்று நேராகச் சொல்லுங்கள். வெள்ளி, சனி கறி தொடாத வீடுகள் அவர்கள் பக்கமே நிறைய உண்டு. நீங்கள் நினைப்பதைவிட எளிதாகப் புரிந்துகொள்வார். வயிறு சரியில்லை என்று பொய் சொல்வதும், பந்தியில் உட்கார்ந்து நோன்பின் பெருமை பேசுவதும்தான் கூடாதவை. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னவர் ஆண்டவர் (மத்தேயு 6:17). இந்தப் பகுதியைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும் பூசையிலேயே வாசிக்கிறோம்!

கோவிலில் வெட்டிய கிடாய் என்றால் அது வேறு கேள்வி. 1 கொரிந்தியர் 10:27–28இல் பவுல் தரும் ஒழுங்கு தெளிவானது: அழைத்த வீட்டில் பரிமாறுவதைக் கிளறிக் கேட்காமல் உண்ணுங்கள்; இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு உண்ணாதீர்கள்.

கேள்வி: சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். ‘எங்க காலத்துல லெந்து இத்தனை கெடுபிடியா இருந்ததில்லை’ என்கிறார் அம்மிச்சி. உண்மையா? பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்ததும் கொடுக்கும் கஞ்சியை இந்த முறை வாலிபர் சங்கம் காய்ச்ச வேண்டும். நூறு பேருக்கு அளவு சொல்லுங்கள். போன வருசம் அடிப்பிடித்துவிட்டது.
– வாசகர், ஈரோடு

பதில்: அம்மிச்சி சொல்வதில் வரலாறு இருக்கிறது. கோவை, ஈரோடு, சேலம் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டில் சபைகளைக் கட்டியது லண்டன் மிஷன். அதில் பெரும்பாலோர், ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் காங்கிரகேஷனல் மரபினர். திருச்சபை நாள்காட்டிக்கும் நோன்பு நாட்களுக்கும் அங்கே பெரிய இடம் கிடையாது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆங்கிலிக்கன் மரபும் ஒரே குடைக்குள் வந்தது. சாம்பல் புதன், ஊதா நிறம், லெந்து தியானங்கள் எல்லாம் இந்தச் சபைகளில் பரவி ஊன்றியது அதற்குப் பிறகு. உங்கள் சபையில் வயது, வேளை என்று எழுதிவைத்த நோன்புச் சட்டம் இல்லை. அதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளலாம், பொறுப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி கஞ்சி. ஆளுக்கு 400 மில்லி கணக்கு. பச்சரிசிக் குருணை 5 கிலோ, பச்சைப்பயறு 1 கிலோ, தண்ணீர் 45 லிட்டர், பூண்டு கால் கிலோ, சீரகம் 50 கிராம், வெந்தயம் 50 கிராம், உப்பு 250 முதல் 300 கிராம், தேங்காய் 6. அண்டா 60 லிட்டருக்குக் குறையக் கூடாது. பொங்கி வழிய இடம் வேண்டும்.

பயறை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுங்கள். 35 லிட்டர் தண்ணீரை அண்டாவில் கொதிக்கவிடுங்கள். பெரிய அடுப்பிலும் இதற்கே ஒரு மணி நேரம் ஆகும். மீதி 10 லிட்டர் தனிப் பாத்திரத்தில் சுடச்சுட இருக்கட்டும். கொதித்ததும் முதலில் பயறு, வெந்தயம், பூண்டு. 20 நிமிடம் கழித்துக் கழுவிய அரிசி, சீரகம். அரிசி போட்ட முதல் 10 நிமிடம் கரண்டி நிற்கவே கூடாது, அடிப்பிடிப்பது அப்போதுதான். போன வருடம் தண்ணீர் கொதிக்கும் முன்பே அரிசியைக் கொட்டியிருப்பீர்கள். பிறகு தீயைக் குறைத்து, நீண்ட பிடி மரத்துடுப்பால் அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். மேலாகச் சுழற்றினால் பயனில்லை. அப்படியும் தீய்ந்த வாசம் வந்தால் அடியைச் சுரண்டாதீர்கள். மேலே உள்ளதை உடனே வேறு அண்டாவுக்கு மாற்றிவிடுங்கள், பெரும்பகுதி தப்பிக்கும்.

உப்பில் பாதியை அரிசி வெந்ததும், மீதியை ருசி பார்த்தும் போடுங்கள். தேங்காய்த் துருவல் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு. பங்குனி வெயிலில் தேங்காய் சேர்த்த கஞ்சி சீக்கிரம் புளிக்கும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள். நின்றால் இறுகும், அப்போது அந்தச் சுடுதண்ணீரை விட்டுக் கிளறுங்கள், பச்சைத் தண்ணீர் விட்டால் கெடும். தொட்டுக்கொள்ள 1 கிலோ கொள்ளு, 4 தேங்காய் சேர்த்துத் துவையல் அரைத்தால் போதும்.

ஆராதனை 12 முதல் 3 வரை. அடுப்பை 12 மணிக்கு மூட்டினால் இரண்டரைக்குத் தயார். ஆனால் அண்டாவடியில் நிற்பவர்கள் ஆராதனையில் தியானிக்கும் சிலுவை மொழிகள் ஏழையும் இழப்பார்கள். மணிக்கு இருவராக மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பமும் கத்தோலிக்கர்தான். ஆனால் அவர்கள் திங்கட்கிழமையே நோன்பு தொடங்கிவிட்டார்கள். எப்படி?
– வாசகி, கோவை

பதில்: அவர்கள் சீரோ மலபார் வழிபாட்டு முறையினர். அவர்களுடைய பெரிய நோன்பு, நம் திருநீற்றுப் புதனுக்கு இரண்டு நாள் முந்தைய திங்களிலேயே விபூதியோடு தொடங்கும். ஞாயிறையும் சேர்த்து எண்ணி 50 நோன்பு என்பார்கள். பல வீடுகளில் அத்தனை நாளும் கறி கிடையாது. கோவையையே தலைமையிடமாகக் கொண்டு 2010 முதல் அவர்களுக்கு இராமநாதபுரம் என்ற தனி மறைமாவட்டம் இருக்கிறது. அதன் பெயரில் உள்ள இராமநாதபுரம் திருச்சி ரோட்டில் இருப்பது, தென் மாவட்டம் அல்ல.

கேள்வி: 2027இல் சூசையப்பர் திருநாள் தவக்கால வெள்ளியில் வருகிறதே, சுத்தபோசனம் உண்டா?
– வாசகர், கருமத்தம்பட்டி

பதில்: இல்லை. மார்ச் 19 பெருவிழா. வெள்ளியில் பெருவிழா வந்தால் சுத்தபோசனக் கடமை விலகும் (திருச்சபைச் சட்டம் 1251). அதே ஆண்டில் மார்ச் 25 பெரிய வியாழன் ஆகிவிடுவதால், அந்தத் தேதிக்குரிய மங்கள வார்த்தைத் திருநாள் ஏப்ரல் 5, திங்களுக்குத் தள்ளிப்போகும்.

கேள்வி: வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். திருநீற்றுப் புதனன்று காலையில் சத்தியம் செய்து ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுங்கி, யாரோ நிற்பதாகப் பிதற்றினார். பயந்துபோய் நாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டோம். சத்தியத்தை மீறிய பாவம் சேருமா?
– வாசகி, ஊர் வேண்டாம்

பதில்: உங்கள்மேல் பாவம் இல்லை சகோதரி. பல ஆண்டு தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும். 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது. இது உயிருக்கே ஆபத்தான நிலை. சாராயம் கொடுத்து அடக்குவது வழியல்ல, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

இந்த முறை தவக்காலத்துக்கு முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையும் தயமின் என்ற பி1 விட்டமினும் கொடுத்துப் படிப்படியாக நிறுத்தவைப்பார்கள். ‘40 நாள்’ என்ற கெடுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சனி இரவு வரை நாள் எண்ணிக்கொண்டிருந்து, உயிர்ப்பு ஞாயிறு மதியம் கடை திறக்கும்போது வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கிறோம். 40ஆம் நாளுக்கு அடுத்த ஒரு வாரத்துக்கான ஏற்பாட்டை, யார் கூட இருப்பது, கையில் பணம் யாரிடம் என்பதுவரை, இப்போதே பேசி வையுங்கள்.

கேள்வி: பெண்கள் ஐக்கிய சங்கத்தில் லெந்து நாட்களில் பிடியரிசி சேர்க்கிறோம். கடைசியில் பூச்சி விழுந்த அரிசிதான் வந்து சேருகிறது. காசாகவே வாங்கிவிடலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: காசாக்க வேண்டாம். உலை வைக்கும்போது நம் பானையிலிருந்து ஒரு பிடி எடுப்பதில்தான் அதன் அர்த்தம் இருக்கிறது. ஒரு பிடி சுமார் 50 கிராம். தினம் ஒரு பிடி என்றால் 40 நாளில் 2 கிலோ, 30 குடும்பம் சேர்ந்தால் 60 கிலோ. ஜெபம், நோன்பு, தர்மம் மூன்றையும் ஆண்டவர் ஒரே மூச்சில் சொன்னார். நோன்பில் மிச்சமானது நம் வீட்டுப் பீரோவிலேயே தங்கினால் அதற்குப் பெயர் சிக்கனம்.

பூச்சிக்குக் காரணம் மூன்று: ஈரக் கையால் பிடி எடுப்பது, துணிப்பையில் கட்டி அடுப்படியில் தொங்கவிடுவது, ரேஷன் அரிசியும் கடை அரிசியும் கலப்பது. மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், நாலைந்து காய்ந்த மிளகாய் போட்டு வைக்கச் சொல்லுங்கள். 40 நாளும் காத்திருக்காமல் பத்து நாளுக்கு ஒருமுறை வாங்கி, அந்த வாரமே தேவைப்படும் வீட்டில் சேர்த்துவிடுங்கள். சிறிது வண்டு இருந்தால் நிழலில் பரப்பிப் புடைத்தால் போய்விடும். கொளுத்தும் வெயிலில் போட்டால் அரிசி வெடித்துக் குருணையாகும். கட்டி கட்டியாக, வாடை அடிக்கும் அரிசியை யாருக்கும் கொடுக்காதீர்கள். நாம் உண்ணாததைத் தர்மம் என்று தருவது வழக்கமாகிவிட்டது, அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: எட்டு வயதுப் பையன் தானும் ஒருசந்தி என்கிறான். விடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். செல்போன் விளையாட்டோ, பள்ளி வாசல் ஐஸோ, அவனே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ஐஸ் காசை அவன் கையாலேயே உண்டியலில் போட வையுங்கள்.

கேள்வி: பெரிய சனி மதியமே தவக்காலம் முடிந்ததாகக் கறி சமைத்துவிடுகிறார்கள். சரியா? பாஸ்கா திருவிழிப்புக்கு என்னென்ன ஆயத்தம்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சனிக்கிழமைக்குச் சட்டப்படி ஒருசந்தி இல்லை. ஆனால் பெரிய வெள்ளி நோன்பை இயன்றால் சனியன்றும் தொடருமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டுக்கொள்கிறது. கறிக்கடையில் கூட்டம் என்பதால் சனியே வாங்க நேர்ந்தால், தயிர், மஞ்சள் பிசறிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஞாயிறு காலை தாளித்துக்கொள்ளலாம்.

பாஸ்கா இரவு வழிபாடான திருவிழிப்பு இருட்டிய பிறகே தொடங்க வேண்டும். பல பங்குகளில் இரவு பத்தரை, பதினொன்றுக்கு. புது நெருப்பு கோவிலுக்கு வெளியே மூட்டப்படும், ஆகவே பத்து நிமிடம் முன்னால் போய் முற்றத்தில் நில்லுங்கள். வாசகங்கள் நீளம், சிறுவர்களை மாலையில் தூங்கவைத்து எழுப்பிக் கூட்டிச் செல்லுங்கள். ஆளுக்கொரு மெழுகுதிரி வேண்டும். ஞானஸ்நான வாக்குறுதியின்போது அதை மீண்டும் ஏற்றச் சொல்வார்கள் என்பதால் முதல் சுற்றிலேயே எரித்துத் தீர்த்துவிடாதீர்கள். காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகினால் மெழுகு கையில் விழாது. எரியும் திரியைச் சாய்க்காமல், ஏற்ற வேண்டிய திரியை அதன் பக்கம் சாயுங்கள். சேலையில் மெழுகு விழுந்தால் உடனே தேய்க்க வேண்டாம். காய்ந்து இறுகிய பிறகு நகத்தால் சுரண்டிவிட்டு, மேலும் கீழும் அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றியெடுங்கள், தாள் மெழுகை உறிஞ்சிவிடும். பட்டுச் சேலையானால் இஸ்திரிச் சூடு மிகக் குறைவாக இருக்கட்டும்.